ஐந்து வாட்டில் போன குரல்கள்

மேல்முடி எஸ்டேட்டின் தொழிலாளர் வீட்டு வரிசையான கடைசி லயனில் குடியிருந்தவர்களின் குரல்கள் எல்லாம் டிபன் பாக்ஸ் அளவே இருந்த ஒரு மலிவு விலை வானொலிப் பெட்டிக்குள் புகுந்து மலை தாண்டி, கடல் தாண்டிப் போய்விட்ட அந்த ஆடி மாதத்திலும் மழை எப்போதும்போலத்தான் பெய்தது, கொழுந்து எப்போதும்போலத்தான் துளிர்த்தது, அட்டைகள் எப்போதும்போலத்தான் கால்விரல் இடுக்குகளைத் தேடி ஏறின. ஆகவே நடந்ததை யாரும் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பெட்டியைக் கொண்டுவந்த விண்ணரசியைத் தவிர.

அந்த லயனில் முதலில் பட்டம் வாங்கியவள் விண்ணரசி. கொழுந்து பறித்துப் பறித்துக் கறை ஏறிய விரல்களால் அந்தக் காகிதத்தைத் தொட மாட்டேன் என்றிருந்த அவள் அம்மா லூர்தம்மாள், அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்த பிறகுதான் கையில் வாங்கிப் பார்த்தாள். மின்னணுவியல் படித்தாயிற்று, வேலைதான் வரவில்லை. கல்லூரியில் இருந்தபோதே, பொழுதுபோக்காக உலகத்தோடு பேசும் அமெச்சூர் வானொலிக்கான தேர்வு எழுதி உரிமம் வாங்கியிருந்ததால், கோயம்புத்தூரில் அந்தச் சாமான்கள் விற்கும் கடைக்காரர் ஒருவர் புதிதாக வந்த பெட்டியொன்றைப் பஸ்ஸில் போட்டு அனுப்பி, மலையில் வைத்து ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டதை எழுதிக் கொடு, உன் எழுத்தைப் படித்து நாலு பேர் வாங்கினால் ரிப்பேர் மேசையில் உனக்கு ஒரு நாற்காலி என்று சொல்லியிருந்தார்.

பெட்டி கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். பேசுவதற்கு அது செலவழிப்பது ஐந்து வாட். லயன் வாசலில் எரியும் பல்புக்கு அதைவிட அதிகம் வேண்டும். ஆனால் சிற்றலைக்கு ஒரு குணம் உண்டு, அது பக்கத்தில் இருப்பவர் காதில் விழாது, வானத்தில் போய் முட்டி, கடலில் இறங்கி, மறுபடி வானத்தில் முட்டி, எங்கோ தொலைவில் யாரோ ஒருவருடைய கம்பியில் போய் உட்காரும். விண்ணரசி சில்வர் ஓக் மரத்தில் கம்பியைத் தூக்கிக் கட்டி, ஸ்கூட்டர் பேட்டரியை இணைத்து, புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் சாவியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். பலவீனமான பெட்டிக்குச் சாவிதான் தோது, பேச்சைவிட அது தூரம் போகும். குறைகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள்: குமிழ் லேசாக ஆடுகிறது, பக்கத்து வீட்டில் எல்இடி பல்பு போட்டால் காதில் இரைகிறது, கால் மணி நேரம் தட்டினால் பெட்டியின் முதுகு சுடுகிறது. ஒன்றைக் கூட்டி எழுதிவிடுவோமோ, ஒன்றைக் குறைத்து எழுதிவிடுவோமோ என்ற பயத்தில் ஒவ்வொரு சோதனையையும் திரும்பத் திரும்பச் செய்தாள். பேசிப் பார்க்க வேண்டியது மட்டும் பாக்கியிருந்தது. அவளுக்கு இங்கிலீஷில் பேசக் கூச்சம்.

அந்தச் சமயத்தில்தான் நோட்டீஸ் ஒட்டினார்கள். கம்பெனி எஸ்டேட்டை விட்டுப் போகிறது, மேல் லயன்கள் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டன, கடைசி லயனையும் காலி செய்ய வேண்டும். அதற்கு முன் ஓர் அதிகாரி மலையேறி வந்து தினமும் பேர் கூப்பிடும் மஸ்டர் கொட்டகையில் மைக் வைத்து, பேர் பதிந்த தொழிலாளிகளிடம் மட்டும் சம்மதமா என்று கேட்பார். அவர் முன்னால் வாயால் சொல்வதுதான் கணக்கு, எழுதிக் கொடுப்பதும் சைகையும் செல்லாது. ஒருவர் மாட்டோம் என்று சொன்னாலும் விசாரணை மேலே போகும், அதுவரை யாரையும் கிளப்ப முடியாது. யாருமே சொல்லாவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

லயன்காரர்களுக்கு அதிகாரியிடம் பயமில்லை, மைக்கிடம்தான் பயம். போன வருஷம் கோயில் திருவிழாவில் ஒரே ஒரு வசனம் வாசிக்க மைக் முன்னால் போன யூனியன் தலைவர் ஞானப்பழமே, மலை முழுக்கக் கேட்கும்படி மூச்சு வாங்கிவிட்டு இறங்கி வந்தவர்.

"என்கிட்ட ஒரு மைக் இருக்கு, இதுல பேசிப் பழகுங்க, நான் பாத்துக்கிறேன்," என்றாள் விண்ணரசி. அவளுக்கும் பேச்சுச் சோதனை முடிந்த மாதிரி இருக்கும். அந்த யோசனைக்காக அவள் பிற்பாடு தன்னையே எவ்வளவு திட்டிக்கொண்டாள் என்பதற்கு அளவே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வரிசையில் நின்றார்கள். முதலில் ஞானப்பழம். பட்டனை அழுத்தினார், வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, பெட்டியின் சின்ன விளக்கு துடித்தது, அறையில் ஒரு சத்தமும் இல்லை. பட்டனை விட்ட பிறகு "எப்படி?" என்று விண்ணரசியைப் பார்த்துக் கேட்டார், அதற்கும் சத்தமில்லை. மிஷின் அப்படித்தான், சத்தத்தை உள்ளே இழுத்தால்தானே வெளியே அனுப்ப முடியும் என்று வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்து விண்ணரசி இணைப்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோதே அடுத்தவர் பட்டனை அழுத்திவிட்டார். குழாயடியில் பெரிய வாய்க்காரி என்று பேரெடுத்த பவுனுத்தாய் வந்தாள், அவள் புருஷன் செல்லையா வந்தான், மேட்டு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். எல்லாரும் மனதுக்குள் பாடம் பண்ணி வந்த அந்த ஒரே சொல்லை, மாட்டோம், மாட்டோம் என்று சொல்லிவிட்டு, வெறும் தொண்டையோடு வீட்டுக்குப் போனார்கள். கடைசியாக லூர்தம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். வேண்டாம்மா என்று மகள் கை நீட்டுவதற்குள் அவள் உதடுகள் அசையத் தொடங்கிவிட்டன. மற்றவர்களைவிட அதிக நேரம் அசைந்தன.

மறுநாள் காலை கடைசி லயன் ஊமையாக மஸ்டருக்குப் போனது. சூப்பர்வைசர் பேர் கூப்பிட்டார், பதிலுக்குக் கைகள் எழுந்தன. இத்தனை வருஷத்தில் இப்படி அடக்கமான ஒரு நாளைப் பார்த்ததில்லை என்று முதலில் மகிழ்ந்தவர், தன்னை என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்று தெரியாமல் மதியத்துக்குள் கலங்கிப்போனார். மேல் லயன்காரர்கள் காய்ச்சல் கண்ட வீட்டுக்கு வருவதுபோல் பன்னும் சர்க்கரையும் வாங்கிவந்து, தொண்டையில் கை வைத்துப் பார்த்து, சூடு இல்லையே என்றார்கள். ஜெபக் கூட்டத்தில் பாட்டைக் கையால் தட்டி முடித்தார்கள். நாய்கள் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் தட்டில் சோறு வைத்த பிறகும் வெளியே நின்றன. பவுனுத்தாய் குழாயடியில் சைகையால் சண்டை போட்டாள், திருப்தி வராமல் ஒரு பிளாஸ்டிக் குடத்தை மிதித்து நசுக்கினாள். முதல் சில நாள் நிம்மதியாகத் தூங்கிய செல்லையா, பிறகு தூக்கம் வராமல் வாசலில் உட்கார்ந்தான். மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். ஒரு வாரத்தில் உப்புக்கு ஒரு விரல், விறகுக்கு இரண்டு விரல் என்று சிறு கடையில் வியாபாரம்கூடச் சீராகிவிட்டது.

குரல் போகாதவள் விண்ணரசி மட்டும்தான், அவள் சாவியால் அல்லவா தட்டிக்கொண்டிருந்தாள். தன் குரல் தன்னிடமே இருப்பதை ஏதோ எடுத்து ஒளித்துவைத்த சாமானைப்போல் உணர்ந்து, அவளும் சைகையிலேயே பேசினாள்.

பிறகு பதில்கள் வரத் தொடங்கின. ஒருநாள் சாயங்காலம் பெட்டி கரகரத்து, ஜப்பானிலிருந்து ஒருவர் ஞானப்பழத்தின் குரலுக்குப் பதில் சொன்னார்: ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது, மிக அருமை, நன்றி, உங்கள் பெயரை மறுபடி சொல்ல முடியுமா, மறுபடி, இன்னும் ஒரு முறை.

வானொலிக்காரர்கள் ஒருவர் குரலை ஒருவர் அளந்து சொல்ல இரண்டு எண்கள் வைத்திருக்கிறார்கள். முதல் எண் எவ்வளவு புரிந்தது, ஐந்துக்கு. இரண்டாவது எண் எவ்வளவு பலமாக வந்தது, ஒன்பதுக்கு. ஐம்பத்தொன்பது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி. ஆனால் இரைச்சலில் பாதி மூழ்கிய குரலுக்கும், பெயர்கூடப் பிடிபடாத குரலுக்கும், கேட்டவர் ஐம்பத்தொன்பது என்றே சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடப் போவது உலகம் முழுக்க அவர்களிடையே ஒரு மரியாதை. விருந்தில் உப்பில்லாத குழம்பை நன்றாயிருக்கிறது என்று சொல்வதுபோல. இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைப்பதில்லை. விண்ணரசியும் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

அந்த எண் பெட்டியிலிருந்து வந்த நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் குளித்துக்கொண்டிருந்த ஞானப்பழத்தின் தொண்டையிலிருந்து மணி அடித்ததுபோல் ஒரு குரல் எழுந்தது. "வணக்கம். வானிலை இதமாக உள்ளது. அனைவரின் நலமறிய ஆவல்." ஈரத்துண்டோடு அவர் தெருவுக்கு ஓடிவர, லயன் முழுக்கக் கை தட்டியது. அப்படி ஒரு குரலை அந்த மலையில் யாரும் கேட்டதில்லை, பிசிறில்லை, இருமலில்லை. அதன்பிறகு தினமும் சாயங்காலம் எங்கிருந்தாவது ஒரு ஐம்பத்தொன்பது வந்தது, யாராவது ஒருவருக்குக் குரல் திரும்பியது. லயனில் பேச்சு நிறைந்தது. தங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்று குழாயடியில் சொல்லிக்கொண்டார்கள். ஒத்துழைப்புக்கு நன்றி என்று அடுப்படியில் சொல்லிக்கொண்டார்கள்.

செல்லையாதான் முதலில் விண்ணரசி முன்னால் வந்து நின்றான். பெண்டாட்டிக்குக் குரல் திரும்பியதற்காகக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்த கையின் சூடு இன்னும் ஆறவில்லை, அதற்குள் அவன் முகம் வாடியிருந்தது. "அனைத்தும் சிறப்பாக உள்ளது," என்று கணீரென்று சொன்னான். சொல்லிக்கொண்டே பவுனுத்தாயைக் காட்டி, தன் கன்னத்தில் தானே அடித்துக்கொண்டான். பழையபடி ஒரு திட்டு வாங்க அவளை அவன் காலையிலிருந்து சீண்டிப் பார்த்திருக்கிறான். சோற்றைக் கொட்டியிருக்கிறான். அவள் கண்ணில் நீர் வர வர, வாய் மட்டும் மிக்க நன்றி, மிக்க நன்றி என்றிருக்கிறது.

விண்ணரசி ஓடிப்போய் ஞானப்பழத்தின் கையைப் பிடித்தாள்.

"மாமா, மாட்டோம்னு சொல்லுங்க. ஒரு தடவை."

அவர் வாயைத் திறந்தார். "தங்கள் அன்புக்கு நன்றி." தலையை உதறிவிட்டு மறுபடி திறந்தார். நெற்றியில் வியர்வை கட்டியது. "அனைவரும் நலம்," என்றது குரல், அழகாக, ஏற்ற இறக்கத்தோடு. நாற்பது வருஷமாகக் கம்பெனிக்கு எதிராகக் கோஷம் போட்ட மனிதர் அதைச் சொல்லிக்கொண்டே அழுதார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. யாரும் கேட்காத குரலைக் கேட்டதாகச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எண்தான் திரும்பி வந்திருக்கிறது. அவர்கள் அனுப்பிய அந்த ஒரு சொல் எங்கேயோ விழுந்து கிடக்கிறது.

லயன்காரர்கள் எவ்வளவு நயமாகப் பேசுகிறார்கள் என்ற செய்தி சூப்பர்வைசர் வழியாக மானேஜர் பங்களாவுக்குப் போனது. அடுத்த வாரம் என்றிருந்த விசாரணை நாளை மறுநாள் என்று மாற்றி எழுதிய நோட்டீஸ் மஸ்டர் தூணில் தொங்கியது.

எண் வராமல் மீதியிருந்தது லூர்தம்மாளின் குரல் ஒன்றுதான். அவள் குரல் எப்போதுமே சன்னம். பக்கத்து வரிசையில் கொழுந்து எடுக்கிறவளைக் கூப்பிடவே செடியைத் தட்ட வேண்டும் அவளுக்கு. ஐந்து வாட்டில் அது எத்தனை தடவை வானத்தில் மோதியிருக்கும், எத்தனை கடலில் நனைந்திருக்கும், இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று நினைக்க நினைக்க விண்ணரசிக்குச் சோறு இறங்கவில்லை. மதியமே மரத்தடிக்குப் போய்ச் சாவியைத் தட்டினாள். ஒரு பெண் குரல் கேட்டதா, தமிழ், மிகவும் மெல்லியது, தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள், எவ்வளவு கேட்டதோ அவ்வளவு. மழை விழுந்த பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் லூர்தம்மாள் பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு, நனையாமல் பார்த்தபடி இருந்தாள்.

சாயங்காலம் பெட்டியில் யாரோ ஒருவர் கலகலவென்று வந்தார். கேட்டேன் கேட்டேன், உங்கள் பெண் குரல் பிரமாதம், ஐம்பத்... அவர் அடுத்த எண்ணைச் சொல்லுமுன் விண்ணரசி பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினாள். ஒரு பொறி பறந்தது. அம்மாவின் தொண்டையையே பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. நல்ல வேளை என்று நினைத்த அடுத்த நொடியே, இதுவும் இல்லாவிட்டால் அம்மாவுக்குக் கடைசிவரை ஒன்றுமே இல்லாமல் போய்விடுமோ என்ற எண்ணம் வந்து அவளைக் குத்தியது. அம்மாவின் முகத்தைப் பார்த்து, "அந்த எண்ணை வாங்கிக்கலாமாம்மா? நல்லா பேசுவ. எல்லார் மாதிரியும்," என்று கேட்டாள்.

லூர்தம்மாள், மகள் பிடுங்கிய கம்பியை எடுத்து முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கடைக்காரர் போன் செய்தார். எத்தனை நாட்டில் கேட்டது என்றார். பத்துப் பதினைந்து என்றாள். எல்லாரும் என்ன கொடுத்தார்கள் என்றார். ஐம்பத்தொன்பது என்றாள். அவர் சிரித்தார், அதையே பெரிதாகப் போடும்மா, வேறென்ன வேண்டும், நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொல்கிறேன் என்றார். அவள் சாயங்காலம் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். ஞானப்பழம் வந்து, "தங்கள் தாயார் விரைவில் நலம்பெற வாழ்த்துகள்," என்றார். கை மட்டும் பெட்டியைக் காட்டி, அந்த எண் வேண்டாம் வேண்டாம் என்று அவள் முன்னால் ஆடியது. அவர் கையைத்தான் அவள் நம்பினாள்.

வெளிச்சம் மங்கும் நேரம் சிற்றலைக்கு நல்ல நேரம். வானத்தின் மேல்பாதி இன்னும் பகலாகவும் கீழ்ப்பாதி இருட்டாகவும் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மெல்லிய குரல்கூட வெகுதூரம் போகும், வரும். விசாரணைக்கு முந்தின நாளின் அந்த நேரத்தில் லூர்தம்மாள் முடிச்சை அவிழ்த்துக் கம்பியைக் கொடுத்தாள். பேட்டரி தீரும் தறுவாயில் இருந்தது, பெட்டியின் திரை ஒளி மங்கி மங்கி வந்தது. விண்ணரசி தட்டினாள், கேட்டாள், தட்டினாள், கேட்டாள். கடவுளைக் கூப்பிடவில்லை, அவர் ஐம்பத்தொன்பது என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

இரைச்சலுக்கு அடியில் ஒரு மோர்ஸ் கேட்டது. தப்பும் தவறுமாக, எழுத்துக்கு எழுத்து நின்று, யாரோ முதல்முதலாகச் சைக்கிள் மிதிப்பதுபோல. சுமத்ராவுக்கு மேற்கே ஒரு தீவு. பெயர் நூரைனி. உரிமம் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது, இதுதான் தன் முதல் பேச்சு, என்ன சொல்வது வழக்கம் என்று தெரியாது, மன்னிக்கவும் என்றாள் அவள். பெண் குரல் ஒன்று கேட்டது. நன்றாகக் கேட்டது என்று சொல்ல முடியாது. இருபத்தொன்று. மன்னிக்கவும், அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. கடல் மாதிரி ஒரே இரைச்சல். நடுவில் ஒரே ஒரு சொல், மறுபடியும் மறுபடியும். அர்த்தம் தெரியாது. கேட்டபடி தட்டுகிறேன்.

பிறகு இங்கிலீஷ் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன, விண்ணரசி அவற்றைத் தமிழாகக் கூட்டிப் படித்தாள். மா. ட். அங்கே ஒரு தடவை திக்கி, தவறாகத் தட்டி, அழித்து, மறுபடி தொடங்கி. டோ. ம்.

அந்த அம்மாள் நலமா என்று அவள் கேட்டபோது திரை அணைந்துவிட்டது.

விண்ணரசி இருட்டிய பெட்டியைப் பார்த்தபடி இருந்தாள். முதுகுக்குப் பின்னால் காய்ந்த இலையைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினாள். லூர்தம்மாளின் உதடு அசைந்துகொண்டிருந்தது. காதைக் கொண்டுபோய் வாயருகில் வைத்தாள். முதலில் கடல் இரைந்தது, அதற்கடியில் காற்று, அதற்கும் அடியில், ஒரு நூலளவுக்கு, "பாப்பா, நனையிற."

மறுநாள் காலை மஸ்டர் கொட்டகைக்குப் போகுமுன் விண்ணரசி கடைக்காரருக்குச் சுருக்கமாக எழுதி அனுப்பினாள். குமிழ் ஆடுவதையும் முதுகு சுடுவதையும் எழுதினாள். இதை வாங்குகிறவர்கள் சத்தமாகக் கேட்கப்படுவோம் என்று எதிர்பார்க்க வேண்டாம், யாராவது ஒருவர் காது கொடுத்தால் ஒரு சொல் போய்ச் சேரும், நான் சோதித்ததில் நிஜமாகக் கிடைத்த எண் இருபத்தொன்று, மற்றவை மரியாதைக்குச் சொல்லப்பட்டவை என்று எழுதினாள். பதில் வரவில்லை.

கொட்டகையில் அதிகாரி நடுவில், மானேஜர் பக்கத்தில். தகரக் கூரையில் மழை. பேர் படிக்கப் படிக்க ஒவ்வொருவராக மைக்குக்கு வந்தார்கள். உதட்டைக் கடித்துப் பார்த்தார்கள், வாயைப் பொத்திப் பார்த்தார்கள், மைக் நீட்டப்பட்டதும் குரல் தானாகக் கிளம்பியது. அனைத்தும் சிறப்பு. தங்கள் வருகைக்கு நன்றி. ஞானப்பழம் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒத்துழைப்பு தொடரும் என்றார். இவ்வளவு சுமுகமான விசாரணையைத் தான் நடத்தியதில்லை என்று அதிகாரி மானேஜரிடம் சொல்லிவிட்டு, பேனாவை மூடப் பார்த்தார். கடைசிப் பேர் இருந்தது.

லூர்தம்மாள் மைக்கின் முன் நின்று வாயைத் திறந்தாள். ஒலிபெருக்கியில் கடல் வந்தது. கொட்டகை முழுக்க அலையும் காற்றும் இரைய, மானேஜர் காதைப் பொத்திக்கொண்டு மைக் கெட்டுவிட்டது என்றார், மற்றவர்களைப்போல இவருக்கும் சம்மதம்தான் என்று எழுதிக்கொள்ளலாம் என்றார். லூர்தம்மாள் நகரவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து மைக்கை அணைத்தார். ஏன் அணைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. தங்கள் குரல் கிளம்பிவிடாமல் பின்வரிசையில் எல்லாரும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் குனிந்து அவள் வாயருகில் காதை வைத்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"என்ன சொல்றாங்கம்மா?" என்று விண்ணரசியைக் கேட்டார்.

"நான் சொன்னா செல்லாது சார். உங்களுக்கு எவ்வளவு கேட்டுச்சோ அதச் சொல்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

மானேஜர் தொண்டையைச் செருமினார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, மூன்றாம் முறையாகக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, கூரையில் மழை கொஞ்சம் ஓயும்வரை அப்படியே இருந்தார்.

"சரியா கேக்கல," என்றார் கடைசியில். "ரொம்பத் தொலைவுல இருந்து வர்ற மாதிரி இருக்கு. மீதி ஒண்ணும் புரியல. ஒரு வார்த்தைதான் கேட்டுச்சு. மாட்டோம்னு."

லூர்தம்மாள் தலையாட்டினாள். அதிகாரி அந்தச் சொல்லை அவள் பேருக்கு நேரே எழுதிக்கொண்டார். பின்வரிசையில் வாயிலிருந்து கையை எடுத்த பவுனுத்தாய், மிக்க என்று ஆரம்பித்தவள், பாதியில் நின்றாள். அவள் தொண்டையில் பழைய குழாயடிக் குரல் கரகரத்தது.